மாப்பிள்ளைக்கு ஒரு வடிகட்டி

இந்தக் கதையில் மீன் சாகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் வரும் கதை என்றால் கடைசியில் அது மல்லாந்து மிதக்கும் என்று பயந்து பாதியிலேயே எழுந்து போகிற இளகிய மனசுக்காரர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உட்காருங்கள். மீனுக்கு நான் பொறுப்பு. மற்றவர்களைப் பற்றி அப்படி உறுதி தர முடியாது. அவர்கள் தூய நீர் வாரியத்தில் வேலை பார்த்தவர்கள்.

வாரியத்தின் தலைமை அலுவலகத்தில், "தெளிவே எங்கள் கடமை" என்று பித்தளை எழுத்துகள் பதித்த சுவருக்குக் கீழே, ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. இயக்குநர் ஒருமுறை மின்சார வாரியத்துக்குப் போனபோது அங்கே முன்கூடத்தில் மீன் தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டார். "கரண்டுக்காரன் தொட்டி வச்சிருக்கான். தண்ணிக்காரன் நான் கைகட்டிட்டு உட்கார்ந்திருக்கவா?" என்று திரும்பி வந்து, அதைவிடப் பெரியதாக ஒன்று கட்டச் சொன்னார். கட்டினார்கள். இரண்டு பேர் கைகால் நீட்டிப் படுக்கலாம். வாய்வரை தண்ணீரும் நிரப்பினார்கள். வடிகட்டியும் மீனும்தான் இல்லை. தொட்டி கட்டடப் பிரிவின் வேலை. வடிகட்டி இயந்திரப் பிரிவின் வேலை. மீன் எந்தப் பிரிவிலும் வராது.

மீனைக் கொடுத்தவர் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த அம்மாள். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அவர் வரவேற்பம்மா. அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். முன்னால் கடை, பின்னால் வீடு. மகன் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ஆஸ்கர் மீன், வந்தபோது தீப்பெட்டி அளவுதான் இருந்தது. மகன் வேலை கிடைத்து வெளியூர் போனான். மீன் போகவில்லை, வளர்ந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்த பிறகு, வீட்டுத் தொட்டியில் அது திரும்புவது சந்துக்குள் லாரியைத் திருப்புவது போல. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், வாலை மடக்கி இன்னும் கொஞ்சம். தீனி பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் போய் நிற்கும். கண்ணாடியில் தட்டி இரண்டாம் முறை உபசரித்தால்தான் வரும். அதனால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

"அங்க விசாலமா இருப்பான். விட்டுட்டு வா," என்றார் தையல்காரர். "வருஷக் கடைசியில நீ ரிட்டையர் ஆகும்போது கூட்டிட்டு வந்துடு. அதுக்குள்ள பெரிய தொட்டிக்கு நான் ஒரு வழி பண்றேன்."

"எங்க வைப்பீங்க? தலைமேலயா?"

"நீ முதல்ல அவனை உசுரோட கொண்டு வா. தலை எங்க போகப்போகுது."

கதை இவ்வளவுதான். வருஷக் கடைசியில் மாப்பிள்ளையை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு நடுவில் வாரியம் இருந்தது.

தட்டு அகல மீன் தின்றால் தட்டு அகலத்துக்கு அழுக்கும் செய்யும். சீக்கிரமே தொட்டி மங்கியது. வரவேற்பம்மா இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், ஒரு ஃபில்டர் வேணும். வீட்ல எங்க வீட்டுக்காரர் ஒரு வாளியில ஸ்பாஞ்சும் மோட்டாரும் வச்சுச் செஞ்சிருந்தாரு. அதே மாதிரி, கொஞ்சம் பெருசா."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"அம்மா, நாம யாரு? ஊருக்கே தண்ணியை வடிகட்டிக் கொடுக்கறவங்க. நாம போய்க் கடையில, இது எவ்வளவுப்பா, அது எவ்வளவுப்பான்னு கேட்டு ஒரு வடிகட்டி வாங்கினா மரியாதையா இருக்குமா? தேர்வு செய்யணும். எப்படித் தேர்வு செய்யறதுன்னு மத்தவங்க நம்மளைப் பார்த்துக் கத்துக்கணும். சீக்கிரம் முடியற வேலையைச் சீக்கிரம் முடிச்சிட்டா, அதுக்கு வாரியம் எதுக்கு?"

வடிகட்டித் தேர்வுக் குழு அமைந்தது. தலைவர் இயக்குநர். உறுப்பினர்கள் இருவர்: ஆய்வுக்கூடத் தலைவி, கொள்முதல் அதிகாரி. மீனுக்குக் குழுவில் இடமில்லை என்றாலும் கூட்டம் அதன் முன்னால்தான் நடந்தது. பிஸ்கட் தட்டைப் பார்த்து மாப்பிள்ளை கண்ணாடியை முட்டியது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

குழு முடிவு செய்கிறவரை மீன் மூச்சுவிட வேண்டுமே. வரவேற்பம்மா தினமும் அலுவலகம் திறக்கும் முன்பே வந்து, பாசி படிந்த தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துவிட்டு, வாளி வாளியாகப் புதுத் தண்ணீர் ஊற்றினார். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது. அதில் கிருமிக்காக மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. அதனால் முதல் நாளே பிடித்து, வாளிகளைத் திறந்தபடி நடைபாதையில் வரிசையாக வைத்திருப்பார்.

ஒருநாள் இயக்குநர் அந்த வரிசைக்கு முன்னால் நின்றார்.

"இது என்ன?"

"தண்ணி சார். ஒரு நாள் ஆறட்டும்னு வச்சிருக்கேன்."

"ஆறணுமா? சுடுதண்ணியா?"

"இல்ல சார். நம்ம குழாய்த் தண்ணிதான். அப்படியே ஊத்தினா மீனுக்கு ஒத்துக்காது."

இயக்குநர் அக்கம்பக்கம் பார்த்தார். "நம்ம தண்ணி மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"எனக்கு இருக்கு சார். மீனுக்குத்தான்..."

"மெதுவாப் பேசுங்க," என்றார் அவர், தன் பாட்டில் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துக்கொண்டு. "பத்திரிகைக்காரன் காதுல விழுந்தா என்ன ஆகும்? வாளியைத் துணி போட்டு மூடுங்க. யாராவது கேட்டா துவைக்க வச்சிருக்கேன்னு சொல்லுங்க."

முதல் கூட்டத்தில், தொட்டிக்கு வடிகட்டி தேவையா என்பதே கேள்வி. தண்ணீர் எவ்வளவு அழுக்கு என்று தெரிய வேண்டும். ஒரு புட்டியில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது: மிகத் தெளிவு, குடிக்க உகந்தது.

தொட்டியில் மாப்பிள்ளையின் வால் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. தலை எங்கே இருக்கிறது என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"மேடம், கண்ணுக்கே கலங்கலாத் தெரியுதே," என்றார் வரவேற்பம்மா, தேநீர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டே.

ஆய்வுக்கூடத் தலைவி கோபப்படவில்லை. அறியாதவர்களிடம் அவர் கோபப்படுவதில்லை. "கண்ணு பொய் சொல்லும்மா. கருவி சொல்லாது. எங்க கருவி ரொம்ப நுட்பமானது. அழுக்குத் தண்ணி பட்டா கெட்டுப்போயிடும். அதனால எந்தத் தண்ணி வந்தாலும் முதல்ல நல்லா வடிகட்டிடுவோம், அப்புறம்தான் சோதிப்போம். நான் பொறுப்புக்கு வந்ததுல இருந்து ஒரு சொட்டு அழுக்குத் தண்ணி அந்தக் கருவியைத் தொட்டதில்ல. அதே மாதிரி, ஊருல ஒரு தெருத் தண்ணி கூட இதுவரைக்கும் சோதனையில தோத்ததும் இல்ல."

இயக்குநர் கைதட்டினார். கொள்முதல் அதிகாரியும் தட்டினார், ஒரு கையில் பிஸ்கட் இருந்ததால் தொடையில்.

ஆனாலும் வடிகட்டி வாங்குவதைக் கைவிடவில்லை. கைவிட்டால் குழுவைக் கலைக்க வேண்டும். குழு அப்போதுதான் ஒருவருக்கொருவர் பழகியிருந்தது.

இரண்டாம் கூட்டத்தில், மீன் தொட்டி வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று கொள்முதல் அதிகாரி விளக்கினார். ஸ்பாஞ்சு அழுக்கைப் பிடிக்கும். அதற்குப் பின்னால் சின்னச் சின்ன பீங்கான் வளையங்கள் இருக்கும். அந்த வளையங்களில் நல்ல கிருமிகள் குடியேறி, மீனின் கழிவில் உள்ள நஞ்சைத் தின்றுவிடும்.

"எதுல என்ன குடியேறும்?" என்றார் ஆய்வுக்கூடத் தலைவி.

"கிருமிங்க மேடம். நல்ல கிருமி."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சார், இந்த வாரியம் பிறந்த நாள்ல இருந்து நாம என்ன பண்றோம்? கிருமியை ஒழிக்கறோம். முன்னாடி இருந்தவங்க ஒழிச்சாங்க, நாங்க ஒழிக்கறோம். அதே கட்டடத்துல, அதே சுவருக்குக் கீழ, அதுங்களுக்கு வாரியச் செலவுல வீடு கட்டிக் கொடுக்கறதா? பீங்கான் வீடு. என் சொந்த வீட்டுல சிமெண்ட் தரைதான்."

இப்படி உருக்கமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"கிருமி இல்லாத வடிகட்டி கிடைக்காதா?" என்று கேட்டார் இயக்குநர்.

"வாங்கும்போது காலியாத்தான் இருக்கும் சார். அப்புறம் தானா வந்து சேர்ந்துக்கும்."

"அனுமதி இல்லாமலா?"

நெடுநேரம் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். உயிரோடிருக்கும் கிருமிக்கு வாரிய வளாகத்தில் இடமில்லை. செத்த கிருமி என்றால் ஆட்சேபணை இல்லை. வடிகட்டி விற்கிறவர் அதற்கு எழுத்துபூர்வமாக உறுதி தர வேண்டும்.

அன்று சாயங்காலம் வரவேற்பம்மா வீட்டில் இதைச் சொன்னபோது, தையல்காரர் ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணைச் சுருக்கியபடியே கேட்டார்: "செத்த கிருமி என்ன வேலை பார்க்கும்?"

"அவங்க பார்க்கற வேலையைப் பார்க்கும்."

மூன்றாவது கட்டம், நேரடிச் சோதனை. மூன்று கம்பெனிகள் மூன்று விதமான வடிகட்டிகளைக் கொடுத்தன. தொட்டி விளிம்பில் தொங்குவது ஒன்று; பக்கத்தில் உருளையாக நிற்பது ஒன்று; தொட்டிக்கு அடியில் இன்னொரு சின்னத் தொட்டியாகவே உட்கார்வது ஒன்று. கொள்முதல் அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார்: பெட்டியைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பழைய பொருள் ஆகிவிடும்; பழைய பொருளை வாரியம் வாங்காது. நனைந்தால் இன்னும் மோசம்.

"அப்ப எப்படி சார் சோதிக்கறது?" என்றார் வரவேற்பம்மா.

"பக்கத்துல வச்சுப் பார்ப்போம்," என்றார் அவர்.

அப்படியே வைத்தார்கள். முதல் வடிகட்டி பெட்டியோடு ஒரு வாரம் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. வரவேற்பம்மா வழக்கம்போல விடிந்ததும் வந்து வாளி ஊற்றினார். குழு பத்து மணிக்கு வந்து பார்த்தது. தண்ணீர் பரவாயில்லை. இரண்டாவது பெட்டி வந்தது. அப்போதும் பரவாயில்லை. மூன்றாவதும் அப்படியே. பிறகு, ஆய்வுக்கூடத் தலைவி அறிவியல் முறைப்படி, எந்தப் பெட்டியும் வைக்காமல் ஒரு வாரம் பார்க்க வேண்டும் என்றார். அந்த வாரம் மகன் விடுமுறையில் வந்திருந்தான். அம்மாவோடு சேர்ந்து அவனும் வாளி தூக்கினான். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மாப்பிள்ளை உடம்பில் இருந்த செம்புள்ளிகளை எண்ணலாம்.

குழு திகைத்தது. எல்லா வாரமும் தொட்டிக்குப் பக்கத்தில் பொதுவாக இருந்தது எது என்று ஆராய்ந்தார்கள். தொட்டி, சுவர், பித்தளை எழுத்து, வரவேற்பு மேசை. கடைசியில் மூன்று தலைகளும் மேசைக்குப் பின்னால் திரும்பின.

வரவேற்பம்மா உண்மையை ஒளிக்கவில்லை. "நான்தான் சார் காலையில தண்ணி மாத்தறேன்," என்றார். இனிமேலாவது ஒரு ஃபில்டர் வாங்கிவிடுவார்கள் என்று நம்பினார். நாமும் நம்பியிருப்போம்.

மறுநாள் ஊழியர்கள் எல்லாரையும் முன்கூடத்துக்கு அழைத்து, இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நண்பர்களே, நம் தேர்வு முடிந்தது. கடைச்சரக்கு மூன்றையும் தோற்கடித்து, நம் சொந்தத் தயாரிப்பு வென்றிருக்கிறது. சத்தம் இல்லை. மின்சாரம் வேண்டாம். கிருமி இல்லை என்று ஆய்வுக்கூடம் சான்று தந்திருக்கிறது. இவ்வளவு நல்ல கருவி இத்தனை வருடம் நம் வாசலிலேயே இருந்திருக்கிறது, நாம் அதை வணக்கம் சொல்லப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். தவறு நம்முடையது."

எல்லாரும் கைதட்டினார்கள். கொள்முதல் அதிகாரி ஒரு சின்ன இரும்புத் தகட்டை வரவேற்பம்மாவின் சேலைத் தோள்மடிப்பில் பின் குத்தினார். அதில் வாரியத்தின் சொத்து எண் இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டுக் குத்தினார்; அதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம்.

அன்றிலிருந்து நாற்காலியை எடுத்துவிட்டார்கள். இயந்திரப் பிரிவில் எதற்கும் நாற்காலி கிடையாது. அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தால், மெஷினை யார் அணைத்தது என்று தொலைபேசி வந்தது. மாதம் ஒருமுறை பராமரிப்புக்கு மெக்கானிக் வந்தார். எண்ணெய்க் குப்பியோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சத்தம் எதுவும் வருதாம்மா?"

"முழங்கால்ல வருதுப்பா."

"எந்தப் பக்கம்?"

"வலது."

கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். தேய்த்ததில் உண்மையிலேயே கொஞ்சம் குறைந்தது. அந்தக் கட்டடத்தில் அவருக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது.

வருஷக் கடைசி நெருங்கியது. வரவேற்பம்மா மறுபடி இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், எனக்கு இந்த மாசத்தோட ரிட்டையர்மென்ட். மீனை வீட்டுக்குக் கொண்டு போகணும்."

"ரிட்டையர்மென்ட் ஊழியருக்கும்மா," என்றார் இயக்குநர் கனிவாக. "நீங்க இப்ப நிறுவப்பட்டவங்க. மீனும் அப்படித்தான். தொட்டி, மீன் எல்லாம் உங்களோட இணைப்புகள்னு பதிவாயிருக்கு. கருவியை மட்டும் தனியாக் கழட்ட முடியாது."

வரவேற்பம்மா வாழ்க்கையில் முதல்முறையாக அலுவலகத்தில் அழுதார். நடைபாதையில், மூடிய வாளிகளுக்குப் பக்கத்தில். அந்த வழியே வந்த கொள்முதல் அதிகாரிக்குச் சங்கடமாகிவிட்டது.

"அழாதீங்கம்மா, தகடு துருப்பிடிச்சுடும். எந்த மெஷினும் நிரந்தரம் இல்ல. ஒருநாள் ரிப்பேர் ஆகத்தான் செய்யும். ஆயிட்டா, ஒட்டினது தொங்கினது எல்லாத்தோடயும் சேர்த்து ஏலத்துல விட்டுடுவோம். கவலைப்படாம வேலையைப் பாருங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார்.

வீட்டில் இதைக் கேட்டதும் தையல்காரர் தையல் மெஷினை நிறுத்தினார். "அப்ப நீ ரிப்பேர் ஆயிடு."

"நான் தண்ணி மாத்தலேன்னா அவன் செத்துடுவான். ரெண்டு நாள் தாங்க மாட்டான். மேல வந்து வாயை வாயைத் திறப்பான். அதைப் பார்த்துட்டு நான் எப்படிச் சும்மா உட்கார்றது?"

தையல்காரர் கையிலிருந்த பொத்தானைத் தைத்து முடித்தார். பிறகு கேட்டார்: "முன்னாடி ஒரு தடவை அவனுக்குச் செதில் புண்ணு வந்தப்ப காய்ஞ்ச பாதாம் இலை போட்டோமே, தண்ணி என்ன நிறம் ஆச்சு?"

வரவேற்பம்மா அவரைப் பார்த்தார். தேநீர் நிறம். புண்ணும் ஆறியது, மாப்பிள்ளையும் அந்தத் தண்ணீரில் ராஜா மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. அதற்குப் பிடித்தமான தண்ணீர் அதுதான்.

"உங்களுக்கு மூளை இருக்குங்கறது எனக்கு ஏன் முன்னாடியே தெரியல?"

"நீ எங்க கேட்ட. பொத்தான் தைக்கத்தான் சொல்லுவ."

மறுநாள் விடியலில் அவர் வழக்கம்போலத் தண்ணீரை மாற்றினார். பிறகு, ஒரு கோணிப்பை நிறையக் காய்ந்த பாதாம் இலைகளை வீட்டிலேயே வேகவைத்து, ஆறவைத்துக் கொண்டுவந்திருந்த சாற்றை ஊற்றினார். பத்து மணிக்குக் குழு வந்தபோது தொட்டி கரும்பழுப்பாக இருந்தது. வரவேற்பம்மா கவிழ்த்த வாளியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் பதிலில்லை.

"மெஷின் நின்னுபோச்சு," என்றார் கொள்முதல் அதிகாரி.

புட்டியில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார்கள். ஆய்வுக்கூடத் தலைவி வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தார். வடிகட்டிப் பார்த்தார், நிறம் போகவில்லை. மறுபடி வடிகட்டினார். போகவில்லை. "எங்க வடிகட்டியையே தாண்டி வந்துடுச்சு சார். இத்தனை வருஷத்துல எங்க கருவி பார்த்த முதல் அழுக்குத் தண்ணி இதுதான்."

அந்தத் தொட்டியில் மாப்பிள்ளைக்கு வாய்த்த மிக நல்ல தண்ணீரும் அதுதான். அது கண்ணாடி ஓரம் வந்து, குழுவைப் பார்த்து, வாலை ஆட்டிவிட்டுப் போனது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வரவேற்பம்மாவைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். அவர் கண்ணில் எதைப் பார்த்தாரோ, "முழங்கால் பாகம் கிடைக்காது சார். கம்பெனியே நிறுத்திட்டான்," என்றார். அவரும் நல்லா இருக்கட்டும்.

உதவாப் பொருள் ஏலம் பின்கட்டு வெளியில் நடந்தது. கால் உடைந்த மேசைகள், துருப்பிடித்த பம்புகள், ஒரு பழைய நகல் இயந்திரம். அதற்கு அடுத்து, சக்கரம் வைத்த பலகைமேல் தொட்டி, தொட்டிக்குள் மாப்பிள்ளை, பக்கத்தில் வாளிமேல் வரவேற்பம்மா. வந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பழைய இரும்புக்காரர். இன்னொருவர் தோளில் அளவு நாடாவோடு தையல்காரர்.

இரும்புக்காரர் குனிந்து வரவேற்பம்மாவைப் பார்த்தார். "இதுல இரும்பு எவ்வளவு தேறும்?"

"ரத்தத்துலயே கம்மின்னு டாக்டர் சொன்னாரு," என்றார் வரவேற்பம்மா.

"பேசாம இரு," என்று தையல்காரர் பல்லைக் கடித்தார். "ஓடற மெஷின்னு நினைச்சு விலையை ஏத்திடப்போறாரு."

இரும்புக்காரர் நகல் இயந்திரத்தின் பக்கம் போய்விட்டார். வேறு யாரும் கேட்காததால், கொள்முதல் அதிகாரி சுத்தியலைத் தட்டினார். பிறகு தையல்காரரிடம் குரலைத் தாழ்த்தி, "பார்த்து எடுத்துக்குங்க. வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்," என்றார்.

"அதை எங்க கல்யாணத்தன்னைக்கே இவங்க அப்பா சொல்லிட்டாரு சார்."

ஓய்வூதியத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஊழியர் பிரிவுக்கும் இயந்திரப் பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வரவேற்பம்மா இயந்திரமானதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் அவர் ஒழுங்காக ஓய்வு பெற்றுவிட்டார். வாரியத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாததால் நடந்த நன்மைகளைத் தனியாகவே ஒரு கதையாகச் சொல்லலாம்.

தொட்டி கடை வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றி, நிலையைக் கழற்றி, உடை மாற்றிப் பார்க்கும் அறையையும் இடித்து உள்ளே கொண்டுபோனார்கள். சட்டை போட்டுப் பார்க்கிறவர்கள் இப்போது மீனுக்கு முன்னால்தான் போட்டுப் பார்க்கிறார்கள். பிடிக்காவிட்டால் மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தையல்காரர் இடுப்பைக் கொஞ்சம் பிடித்துக் கொடுப்பார். தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய வாளியில் ஸ்பாஞ்சும் மோட்டாரும் முனகிக்கொண்டிருக்கின்றன. உள்ளே கிருமிகள் அனுமதி இல்லாமல் உயிரோடு குடியிருக்கின்றன.

கொஞ்ச நாள் கழித்துக் கொள்முதல் அதிகாரி ஒரு கால்சட்டையோடு கடைக்கு வந்தார். வாரியத்தில் புதுத் தொட்டி கட்டியாகிவிட்டதாம். மின்சார வாரியத்துக்காரன் இன்னும் பெரியதாகக் கட்டிவிட்டான், வேறு வழியில்லை.

கால்சட்டையைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார். காஜா போட்டுக்கொண்டிருந்த வரவேற்பம்மாவை ஒரு பார்வை, தெளிந்த தொட்டியை ஒரு பார்வை. பிறகு தையல்காரர் பக்கம் குனிந்தார்.

"இதே மாடல்ல இன்னொண்ணு எங்கயாவது கிடைக்குமா?"

தையல்காரர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க," என்றார் தையல்காரர். "இந்த மாடல் இப்ப வர்றதில்ல."